பிள்ளையின் கைக்கேற்ற கித்தார்

(பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஓர் இசைப் பாடம்)



கோயில் திருவிழாவில் உறுமியும் தவிலும் முழங்கக் கேட்டு வளர்பவர்கள் நம் தோட்டத்துப் பிள்ளைகள். இசைமேல் அவர்களுக்கு ஆர்வம் பிறப்பது இயல்பே. அண்மைக் காலமாகக் கித்தார் கற்க வேண்டும் என்று வீட்டில் கேட்கும் பிள்ளைகள் பலராக உள்ளனர். பட்டணத்தில் வகுப்பு நடத்தும் ஆசிரியரைத் தேடிக் கண்டுபிடித்ததும், பெற்றோர் முன் நிற்கும் முதற் கேள்வி, “எந்தக் கித்தாரை வாங்குவது?” என்பதாகும். இக்கட்டுரை அக்கேள்விக்கு விடை கூறும் முயற்சியாகும்.

தொடக்கத்திலேயே ஒன்றைக் கூறிவிடுதல் நன்று. சிறு பிள்ளைகள் சில வாரங்களிலேயே கித்தாரைக் கைவிடும்போது, “இவனுக்கு இசை ஞானம் இல்லை” என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பல வேளைகளில் குறை பிள்ளையிடம் இல்லை. அவன் கைக்கு ஒவ்வாத கருவியிடமே உள்ளது. ஆகவே முதற் கித்தாரைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது பளபளப்பை அன்று, பிள்ளையின் கையை.

கித்தாரும் நாமும்

கித்தார் நமக்கு முற்றிலும் அயலான கருவி என்று எண்ணிவிட வேண்டா. தந்திக் கருவியைப் போற்றிய மரபு நம்முடையது. வள்ளுவப் பெருந்தகை குழலையும் யாழையும் மழலையின் இனிமையோடு சேர்த்தே பேசினார். சிலப்பதிகாரத்தில் கோவலனும் மாதவியும் யாழ் மீட்டுகின்றனர். அந்தப் பழந்தமிழ் யாழை ஆராய்ந்து சுவாமி விபுலானந்தர் எழுதிய ‘யாழ்நூல்’ 1947-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையிலும் கித்தாரிலும் அவ்வாறன்று. தந்தியை மெட்டுகளின்மேல் அழுத்தி, ஒரே தந்தியில் பல சுரங்களை எழுப்பலாம். கித்தாரின் கழுத்தில் குறுக்கே பதித்துள்ள உலோகக் கம்பிகளே மெட்டுகள். வெறுந்தந்தியின் சுரத்திலிருந்து பன்னிரண்டு மெட்டுகளைக் கடந்தால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். நம் இசையின் பன்னிரு சுரத்தானங்களை இங்கே நினைவுகூரலாம்.

கித்தாரின் பக்கப் பலகைகளுக்கும் பின்பலகைக்கும் உலகெங்கும் விரும்பிப் பயன்படுத்தப்படும் மரங்களுள் ஒன்று, தென்னிந்திய மலைக்காடுகளில் வளரும் ஈட்டி மரம். இசைஞானி இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றவர், கித்தாரில் தேர்ந்தவர். நம் நாட்டில், பினாங்கில் தோன்றிய ‘அல்லிகேட்ஸ்’ குழுவில் பாடிய டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் தங்கள் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் பெயர் பெற்றனர். இக்கருவியைப் பழக நம் பிள்ளைகள் தயங்க வேண்டிய காரணம் ஏதுமில்லை.

குருவி தலையில் பனங்காய்

இன்று நாம் காணும் மரபுக் கித்தாரின் வடிவை ஒழுங்குபடுத்தியவர் ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) என்னும் கைவினைஞர். அம்முழு அளவுக் கித்தாரில், கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் ஏறும் சிறு பட்டைக்கும், உடற்பலகையில் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் இடையே தந்தியின் நீளம் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். வளர்ந்தவர் கைக்கு அமைந்த அளவு அது. எட்டு வயதுச் சிறுவன் மடியில் அதனை வைத்தால், குருவி தலையில் பனங்காய் வைத்த கதையாகிவிடும்.

எவ்வாறு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். தொடக்கப் பாடங்களில் இடக்கையின் நான்கு விரல்களும் முதல் நான்கு மெட்டுகளுக்குள் இயங்க வேண்டும். முழு அளவுக் கித்தாரில் தலைப்பட்டையிலிருந்து நான்காம் மெட்டுவரை உள்ள தொலைவு ஏறத்தாழ 134 மில்லிமீட்டர். தந்தி நீளம் 580 மில்லிமீட்டர் உள்ள கித்தாரில் அது 120 மில்லிமீட்டராகும். 530 மில்லிமீட்டர் உள்ளதில் 109 ஆகும். பெரியவர்க்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பொருட்டன்று. பிள்ளையின் சிறு விரலுக்கோ, எட்டுவதற்கும் எட்டாமைக்கும் உள்ள வேறுபாடே அதுதான்.

இதனால் பிள்ளைகளுக்கெனச் சிறிய கித்தார்கள் செய்யப்படுகின்றன. செய்வோர்க்கு ஏற்ப அளவு சற்று மாறினாலும், பொதுவாகப் பின்வருமாறு கொள்ளலாம்:

கால் அளவு — தந்தி நீளம் ஏறத்தாழ 480 மி.மீ. — 4 முதல் 6 வயது.
அரை அளவு — ஏறத்தாழ 530 மி.மீ. — 6 முதல் 8 வயது.
முக்கால் அளவு — ஏறத்தாழ 580 மி.மீ. — 9 முதல் 11 வயது.
முழு அளவு — 650 மி.மீ. — 12 வயதும் அதற்கு மேலும்.

‘அரை’ என்ற பெயரைக் கண்டு கித்தாரின் பாதி நீளம் என்று எண்ணிவிடலாகாது. கணக்கிட்டால், அதன் தந்தி முழு அளவில் ஐந்தில் நான்கு பங்கு இருப்பதை அறியலாம். இவை வெறும் பெயர்களே.

வயது ஒரு வழிகாட்டி மட்டுமே; ஒரே வகுப்பில் நெட்டையரும் குட்டையரும் உள்ளனர். ஆகவே பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதுகு நிமிர்ந்து உட்கார வைத்துக் கித்தாரை மடியில் கொடுங்கள். வலக்கை கித்தாரின் மேல் விளிம்பைக் கடந்து தந்திக்கு வரும்போது தோள் உயர்ந்து தூக்கிக்கொள்ளக் கூடாது. இடக்கை முதல் மெட்டைத் தொடும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். கை விறைத்து நீண்டுவிட்டால் கருவி பெரிது. “வளரும் பிள்ளைதானே, பெரிதாகவே வாங்குவோம்” என்பது பள்ளிச் சீருடைக்குப் பொருந்தும், கித்தாருக்குப் பொருந்தாது. பெரிய சட்டையை மடித்துத் தைக்கலாம். பெரிய கித்தாரை மடிக்க இயலாது.

மிகச் சிறிய பிள்ளைகளுக்கு உக்குலேலே என்னும் நான்கு தந்திக் கருவியும் ஏற்றதே. போர்ச்சுகலின் மதேய்ரா தீவிலிருந்து 1879-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற மக்கள் கொண்டுபோன சிறு கருவியிலிருந்து பிறந்தது அது. தோட்டத் தொழிலாளர் வழியாக உலகுக்குக் கிடைத்த இசைக்கருவி என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

நைலான் தந்தியா? எஃகுத் தந்தியா?

கடையில் இருவகைக் கித்தார்கள் காணப்படும். ஒன்றில் நைலான் தந்திகள். மற்றொன்றில் எஃகுத் தந்திகள். நைலான் வகையில் தடித்த மூன்று தந்திகளின்மேல் மெல்லிய உலோக இழை சுற்றியிருக்கும். ஏனைய மூன்றும் மீன்பிடி நரம்புபோல் வழவழப்பாக இருக்கும். முற்காலத்தில் விலங்குக் குடலினால் தந்தி செய்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது கிடைப்பது அரிதாயிற்று. 1940-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்தின் என்பவர், புகழ்பெற்ற கித்தார்க் கலைஞர் அந்திரேஸ் செகோவியாவின் ஊக்கத்தோடு நைலான் தந்தியைச் செய்து முடித்தார்.

ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து கித்தாரை இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோகிராம் எடைக்குச் சமம். எஃகுத் தந்திகளோ 70 கிலோகிராம் அளவுக்கு இழுக்கும். எஃகுத் தந்தி மெல்லியதாகையால் விரல் நுனியை அறுப்பதுபோல் வலிக்கும். எனவே தொடங்கும் பிள்ளைக்கு நைலான் தந்திக் கித்தாரே தக்கது. எஃகின் ஓசையை விரும்பினால் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து மாறலாம்.

ஓர் எச்சரிக்கை: நைலான் கித்தாரில் எஃகுத் தந்தியை ஒருபோதும் பூட்டக் கூடாது. குதிரை பசையினால் ஒட்டப்பட்டது. மிகுதியான இழுப்பைத் தாங்காமல் அது பெயர்ந்துவிடும், கழுத்தும் வளையும்.

ஒரு மாணவனின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் தம் ஒன்பது வயது மகனுக்கு முழு அளவுள்ள எஃகுத் தந்திக் கித்தாரைத் தவணை முறையில் வாங்கிக் கொடுத்தார். கறுப்பு நிறமும் மினுமினுப்பும் கொண்ட அழகிய கருவி அது. மூன்று வாரத்தில் பையனின் விரல் நுனிகள் சிவந்து கன்றிவிட்டன. “எனக்கு வராது” என்று கித்தாரைச் சுவரில் மாட்டிவிட்டான். தந்தை பள்ளிக்கு வந்து, “பையனுக்கு இசை வரவில்லை ஐயா, தவணை மட்டும் மாதந்தோறும் வருகிறது” என்றார்.

தவணைப் பணத்தைவிட என்னை வருத்தியது வேறொன்று. “எனக்கு வராது” என்ற அச்சொல்லை அவன் கணக்குப் பாடத்திலும் சொல்லத் தொடங்கியிருந்தான். ஒரு கருவியிடம் தோற்றதாக எண்ணிய பிள்ளை, தன்மீதே ஐயம் கொள்ளத் தலைப்பட்டான்.

பட்டணத்து இசை ஆசிரியர் அவன் கையைப் பார்த்துவிட்டு, தம்மிடமிருந்த பழைய முக்கால் அளவு நைலான் கித்தாரை இரவல் கொடுத்தார். அதன் வண்ணம் மங்கியிருந்தது. உடலில் கீறல்களும் இருந்தன. அதில் அவன் விரல் எட்டிற்று, வலி குறைந்தது. அடுத்து வந்த மே 16, ஆசிரியர் தினத்தன்று, பள்ளி மண்டபத்தில் ஓர் எளிய மெட்டைப் பிழையின்றி வாசித்தான். அவனிடம் மாறியது ஒன்றுமில்லை, மாறியது கருவிதான். அந்தத் தந்தை மண்டபத்தின் பின்வரிசையில், வேலை உடையைக்கூட மாற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

பெற்றோருக்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பள்ளி அடிக்கோல், துணி அளக்கும் நாடா, ஒரு துண்டுத் தாள், பொறுமை ஆகியவை இருந்தால் போதும்.

1. தந்தியின் உயரம்: பன்னிரண்டாம் மெட்டின் உச்சிக்கும் தடித்த தந்தியின் அடிப்பக்கத்திற்கும் உள்ள இடைவெளியை அடிக்கோலால் அளந்து பாருங்கள். 4 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நன்று. 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் பிள்ளை அழுத்தத் துன்புறுவான்.

2. நடுப்புள்ளி: பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவில் அமைய வேண்டும். தலைப்பட்டையிலிருந்து அம்மெட்டுவரை நாடாவால் அளந்து, அங்கிருந்து குதிரைவரையும் அளவுங்கள். இரண்டாவது அளவு ஓரிரு மில்லிமீட்டர் கூடியிருக்கலாம். அது வேண்டுமென்றே வைக்கப்படுவது. பெரிதும் மாறுபட்டால் அக்கித்தாரில் சுருதி ஒருநாளும் சேராது.

3. கழுத்து: தச்சர் பலகையை ஒரு கண்ணால் நோக்குவதுபோல், தலைப்பக்கத்திலிருந்து கழுத்தை நீளவாட்டில் பாருங்கள். ஒரு பக்கமாக முறுக்கிக் கொண்டிருந்தால் வாங்க வேண்டா.

4. மெட்டுகள்: கழுத்தின் இரு ஓரங்களிலும் கையை மெல்லத் தடவுங்கள், கம்பி முனைகள் குத்தக் கூடாது. பின்னர் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். வண்டு இரைவதுபோல் ஒலித்தால் அந்த இடத்தில் குறையுண்டு.

5. குதிரை: அதன் பின்விளிம்பில் தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே நுழைந்தால் பசை விட்டுக் கொண்டிருக்கிறது என்பது பொருள்.

6. முறுக்காணிகள்: ஆறும் தடையின்றி, அதே வேளையில் தளர்வின்றித் திரும்ப வேண்டும். சுருதி நிற்பதும் நழுவுவதும் இவற்றைப் பொறுத்தது.

கைப்பேசியில் படத்தைப் பார்த்துப் பொருள் வாங்கும் காலம் இது. படத்தில் வண்ணம் தெரியும். தந்தியின் உயரம் தெரியாது. முதற் கித்தாரை நேரில் தொட்டுப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை. இயன்றால் இசை ஆசிரியரையும் உடனழைத்துச் செல்லலாம். பிள்ளை இடக்கைப் பழக்கமுடையவனாயின், வாங்குமுன் ஆசிரியரின் கருத்தைக் கேட்டுக் கொள்ளுங்கள். கித்தாருக்கு இரு கைகளும் வேலை செய்வதால், வழக்கமான கருவியிலேயே பழகிக் கொள்ளும் இடக்கையர் பலர் உள்ளனர்.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்க வேண்டா

2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆயிற்று. அந்தச் சம்பளத்தில் அரிசியும் பள்ளிச் செலவும் போக எஞ்சுவது என்னவென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கடன் பட்டு விலையுயர்ந்த கித்தாரை வாங்குவது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதற்கு ஒப்பாகும்.

கையிலுள்ள பணத்தை இவ்வரிசையில் செலவிடலாம்: முதலில் சரியான அளவு, அடுத்து எளிதில் அழுத்தக்கூடிய தந்தி உயரம், அதன்பின் உறையும் ஒரு செட் மாற்றுத் தந்தியும். நிறமும் வேலைப்பாடும் கடைசியில் வரட்டும். முன்பலகை ஒற்றை மரப்பலகையால் ஆனதா, ஒட்டுப்பலகையால் ஆனதா என்று பெரிதும் கவலைப்பட வேண்டா. ஒற்றைப் பலகையின் நாதம் உயர்ந்ததே. ஆயினும் ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் தட்பவெப்பத்தில், சிறுவர் கையில், ஒட்டுப்பலகை எளிதில் வளையாமலும் பிளக்காமலும் உழைக்கும். மேற்கூறிய ஆறு சோதனைகளிலும் தேறினால் பழைய கித்தாரும் நல்ல கித்தாரே. மின்சாரத்தால் ஒலிக்கும் கித்தாருக்கு ஒலிபெருக்கியும் வேண்டியிருத்தலால் முதற் கருவியாக அதனை நான் பரிந்துரைப்பதில்லை.

வீட்டில் பேணும் முறை

மரம் ஈரத்தில் ஊதும், வெப்பத்தில் சுருங்கும். தகரக் கூரையை ஒட்டியோ, வெயில் விழும் சன்னலோரத்திலோ, வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ கித்தாரை வைக்கக் கூடாது, பசை இளகிவிடும். மழையில் நனையும் சுவரிலும் சாய்க்க வேண்டா. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியிலுள்ள வியர்வையைத் துடைத்து உறையிலிட்டு வைத்தல் வேண்டும்.

புதிய நைலான் தந்தி முதற் சில நாள்கள் நீண்டுகொண்டே இருப்பதால் சுருதி அடிக்கடி இறங்கும். இதைக் கண்டு கருவி பழுது என்று கலங்க வேண்டா. நாள்தோறும் கூட்டி வந்தால் நின்றுவிடும். தடித்த தந்தியிலிருந்து மெல்லியது நோக்கி இ, ஏ, டி, ஜி, பி, இ என்பவை ஆறு தந்திகளின் சுரப் பெயர்கள். சுருதி காட்டும் செயலிகள் கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கின்றன. சுருதி சேராத கித்தாரில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட, சேர்ந்த கித்தாரில் பத்து நிமிடம் வாசிப்பது மேல். பிள்ளையின் செவியும் அதனால் பண்படும்.

பயிற்சி நாளுக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். ஆனால் நாள்தோறும் வேண்டும். இடக்கை நகங்களைக் குறுக வெட்டிவிடுங்கள். முதற் சில வாரங்களில் விரல் நுனியில் சற்று வலி தோன்றுவது இயல்பே. தோல் தடித்ததும் அது நீங்கும். மணிக்கட்டிலோ தோளிலோ வலித்தால் உட்காரும் முறையையும் கருவியின் அளவையும் மீண்டும் பாருங்கள்.

கைமாறும் கருவி

ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. முக்கால் அளவுக் கித்தார் மூன்று ஆண்டில் சிறிதாகிவிடுமே, அப்பணம் வீணன்றோ? இதற்கு விடை நம் தோட்ட வாழ்க்கையிலேயே உள்ளது. அண்ணன் புத்தகத்தைத் தம்பியும், அக்காள் சீருடையைத் தங்கையும் பயன்படுத்தி வளர்ந்த சமுதாயம் நாம். கித்தாரும் அவ்வாறே கைமாறலாம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வளர்ந்ததும் வீட்டில் தூங்கும் சிறிய கித்தார்களைப் பள்ளிக்கு அளியுங்கள். அவற்றுக்குப் புதுத் தந்தி பூட்டி, ஒரு பதிவேட்டில் குறித்து, தொடங்கும் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் இரவலாகக் கொடுக்கலாம். அரை அளவில் ஒன்றும் முக்கால் அளவில் இரண்டும் இருந்தால்கூடப் போதும். ஆர்வம் நிலைக்கிறதா என்று ஓராண்டு பார்த்த பின்னர்ப் பெற்றோர் தம் பணத்தைச் செலவிடலாம். ஏழைப் பிள்ளை என்பதற்காக எவர் விரலும் தந்தியைத் தொடாமல் போகலாகாது. பெரிய கருவி என்பதற்காக எவர் வாயிலும் “எனக்கு வராது” என்ற சொல் பிறக்கலாகாது.

மாணவர்களுக்குச் சில வினாக்கள்

1. தந்தி நீளம் 650 மி.மீ. உள்ள கித்தாரில் பன்னிரண்டாம் மெட்டு தலைப்பட்டையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தொலைவில் இருக்கும்?

2. முக்கால் அளவுக் கித்தாரின் தந்தி நீளம் முழு அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு எத்தனை பங்கு?

3. நைலான் கித்தாரில் எஃகுத் தந்தியைப் பூட்டலாகாது. ஏன்?

4. யாழுக்கும் கித்தாருக்கும் உள்ள ஓர் ஒற்றுமையையும் ஒரு வேற்றுமையையும் எழுதுக.

விடைகளைக் குறிப்பேட்டில் எழுதி வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். நான்காம் வினாவுக்குத் தாத்தா, பாட்டியரிடம் கேட்டும் விடை தேடலாம்.

— தலைமையாசிரியர்